மூடியில் ஒட்டிய சீட்டு

ஜூலை 3

அருங்காட்சியகத்தில் எங்கள் பிரிவின் ஃப்ரிட்ஜ் செத்துவிட்டது. நேற்றே முனகிக்கொண்டிருந்தது. இன்று காலை திறந்தால் உள்ளே புழுக்கம். இந்த வாரம் சேர்த்த காளான்களில் பாதி கூழாகிவிட்டன. இயக்குநரிடம் போய் நின்றேன். முத்திரை விழாத எதையும் நம்பமாட்டார் என்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயரே 'முத்திரை'தான். "மெக்கானிக்குக்குச் சொல்லியாச்சும்மா, ரெண்டு நாள்ல வந்துருவான்" என்றார். அவருடைய ரெண்டு நாள் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும்.

இந்த நாட்டின் காட்டுக் காளான்கள் அத்தனையும் அடங்கிய அட்டவணை ஆகஸ்ட் கடைசியில் அச்சுக்குப் போயாக வேண்டும். எழுத்து என்னுடையது, படங்கள் தம்பியுடையவை. "நீ எழுதினதை எவன் படிக்கப்போறான்? என் படத்தைப் பார்த்துட்டு மூடி வச்சுருவான்" என்று வருஷக்கணக்கில் சீண்டுகிறான். உண்மைதான். அதனால்தான் எரிச்சல் வருகிறது.

ஜூலை 5

மெக்கானிக் வரவில்லை. இனி வருவதையெல்லாம் தம்பி வீட்டு ஃப்ரிட்ஜில் வைப்பதென்று முடிவு. அருங்காட்சியகத்திலிருந்து இரண்டு தெரு, என்னிடமும் ஒரு சாவி இருக்கிறது. தம்பி மனைவி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். காளான் வாசனையே அவளுக்கு ஆகாது. அவர்கள் வீட்டுச் சட்டம் பழையது: தம்பி வரைந்து முடித்த காளான் தின்னக்கூடியது என்றால் அது அன்றே சட்டிக்குப் போகும், சட்டியை அவனே கழுவ வேண்டும்.

அவர்கள் மகள் வாலு என்னைக் கண்டதும் காலைக் கட்டிக்கொண்டு, "அத்தை, இன்னைக்கு விஷமா, சாப்பாடா?" என்றாள். ஐந்து வயது. கேள்வியைப் பார்.

ஜூலை 8

நல்ல மழைக்குப் பின் காடு. முழங்கால் இன்னும் வலிக்கிறது. ஆனால் கிடைத்ததே, போதும்!

ஒன்று, புற்றுக்காளான். போன வருஷமே வரைந்தாகிவிட்டது, இது தம்பியின் வயிற்றுக்கு. இன்னொன்று, அட்டவணையில் படம் இல்லாமல் மூன்று வருஷமாக நிற்கும் அந்த வெள்ளைக்காரன். தூய வெள்ளை, விறைப்பாக நிற்பான், ஒரு அழுக்கு இராது. தம்பி அவனுக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்திருக்கிறான். ஒரே ஒரு குடை ஒரு ஆளைக் கொல்லும். இரண்டையும் மேலாகப் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும், அதிலும் முற்றாதவை. வித்தியாசம் மண்ணுக்குள். புற்றுக்காளானின் கால் வேர்போல நீண்டு கரையான் புற்றுக்குள் இறங்கும். மாப்பிள்ளையின் கால் ஒரு கிண்ணத்துக்குள் நிற்கும். அதனால்தான் கத்தியால் அறுக்காதே, தோண்டி எடு என்று எல்லாரிடமும் கத்துகிறேன்.

தம்பி மனைவி டப்பாக்களைப் பார்த்ததும், "அக்கா, மண்ணு எல்லாம் பால் மேல கொட்டுது. நான் தினமும் துடைச்சிட்டா இருக்கிறது?" என்றாள். நியாயம்தானே. எல்லாவற்றின் அடிக்காலையும் நறுக்கி வேறொரு டப்பாவில் போட்டு அருங்காட்சியகத்துக்கு எடுத்துவந்துவிட்டேன். ஃப்ரிட்ஜில் இருப்பவை இரண்டு டப்பாக்கள், சுத்தமாக, மூடியில் சீட்டு ஒட்டி: 'புற்று', 'மாப்பிள்ளை - தொடாதே'.

ஜூலை 9

மெக்கானிக் இன்று நிச்சயம் வருவான் என்றார்கள். காலையிலிருந்து இருட்டும்வரை அருங்காட்சியகத்தை விட்டு அசையவில்லை, சாப்பிடக்கூடப் போகவில்லை. வரவில்லை. தம்பி சாயங்காலம் ஃபோனில், "புற்றை வதக்கிட்டேன், ராணி மாதிரி இருந்தது, உனக்குத்தான் கொடுப்பினை இல்ல" என்றான்.

ஜூலை 10

விடியும்போது ஃபோன். தம்பி மனைவி. "அக்கா, வாந்தி நிக்கவே மாட்டேங்குது, தண்ணியா போகுது..."

எத்தனை மணிக்குச் சாப்பிட்டான், எப்போது ஆரம்பித்தது என்று கேட்டேன். ராத்திரி முழுக்க ஒன்றும் இல்லை, இப்போதுதான் என்றாள். ஃபோனைக் காதில் வைத்தபடியே வாசலுக்கு வந்துவிட்டேன். உடனே வந்திருந்தால் பயமில்லை. தாமதமாக வந்தால்தான் அது மாப்பிள்ளையின் விஷம்.

தெருமுனை மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். போகிற வழியில் வீட்டுக்குள் நுழைந்து ஃப்ரிட்ஜைத் திறந்தேன். 'மாப்பிள்ளை' மூடிக்குக் கீழே புற்றுக்காளான்கள், ஒன்று குறையாமல். 'புற்று' மூடிக்குக் கீழே இரண்டே இரண்டு மாப்பிள்ளைகள் மிச்சம்.

எப்படி? எப்படி மாறும்?

வார்டில் அவள் அழுதுகொண்டே ஏதேதோ சொன்னாள். நடுவில், "நேத்து லீவு போட்டு வீட்டைச் சுத்தம் பண்ணேன், உங்க டப்பா மூடி மண்ணா இருந்ததுன்னு அதையும் கழுவி வச்சேன், எல்லாம் பண்ணி முடிச்சுட்டு சாயங்காலம் வாலுவோட கடைக்குப் போனேன், வந்து பார்த்தா இவர் சாப்பிட்டு முடிச்சிருந்தார்" என்றாள். மூடியைக் கழுவினாளாம். சீட்டு ஒட்டியிருந்த மூடியை.

அருங்காட்சியகத்தில் சேர்ந்த முதல் நாள் யாருக்கும் சொல்லித்தருவது இதைத்தான்: மூடியில் எழுதாதே, மூடி மாறும், டப்பாவில் எழுது. நானே எத்தனை பேரை இதற்காகத் திட்டியிருக்கிறேன். வீட்டு ஃப்ரிட்ஜ்தானே என்று இருந்துவிட்டேன்.

அவளிடம் "டப்பா மாறிப்போச்சு" என்று மட்டும் சொன்னேன். டாக்டரிடம் முழுதும் சொன்னேன். "விஷம்னா அரைமணியில தெரிஞ்சிருக்கும்மா. இது சாதாரண வயித்துக் கோளாறு. பயப்படாதீங்க" என்று குளுக்கோஸ் ஏற்றினார். பயப்படாதே என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஜூலை 11

இன்று அவன் நன்றாக இருக்கிறான்.

வாந்தி நின்றுவிட்டது. எழுந்து உட்கார்ந்தான். டீ கேட்டான். வாலுவை மடியில் வைத்துக்கொண்டு மூக்கைத் திருகினான். தம்பி மனைவி கை கூப்பிக்கொண்டு நின்றாள். டாக்டர், "பார்த்தீங்களா? சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம்" என்றார்.

அட்டவணையில் நான் எழுதிய வரி அப்படியே ஓடியது: 'உண்ட மறுநாள் நோய் தணிந்ததுபோல் தோன்றும், அது தேற்றமன்று.' எழுதியபோது இந்த வரியில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. கச்சிதமாக வந்திருக்கிறதே என்று.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகக் கூடாது. கல்லீரலைப் பாருங்க, பெரிய ஆஸ்பத்திரிக்கு மாத்துங்க" என்று கத்தினேன். நர்ஸ்கள் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி மனைவிக்கு வந்ததே கோபம். "உங்களுக்கு என்னக்கா? அவர் எழுந்து உட்கார்றது கண்ணுக்குப் பொறுக்கலையா? ரெண்டு நாளா வாயைத் திறந்தா கெட்டதாவே வருது!"

ஓடினேன். அருங்காட்சியகத்திலிருந்து அடிக்கால் டப்பாவையும், ஃப்ரிட்ஜில் மிஞ்சியிருந்த இரண்டையும் கொண்டுவந்து அவன் கட்டில்மேல் வைத்தேன். டாக்டருக்குக் காட்டத்தான். ஆனால் அவன்தான் எடுத்தான். காலையும் குடையையும் பொருத்திப் பார்த்தான். வெட்டு சரியாகச் சேர்ந்தது. கிண்ணத்தை விரலால் தடவினான்.

"மாப்பிள்ளைக்குச் செருப்பு இருந்திருக்கு. நீ கழட்டிட்ட" என்றான். சிரிக்கவும் செய்தான், பாவி.

பிறகு, "வரையுறப்போ கண்ணு வேற அக்கா. பசிக்கிறப்போ வேற. நானும்தான் பார்க்கல" என்றான்.

மனைவியைக் கூப்பிட்டு, "நான் வீட்டுக்கு வரல. அக்கா சொல்றபடி செய்" என்றான்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் பென்சில் கேட்டான். மருந்துக்கடைக் காகித உறையைப் பிரித்து, அதன் உட்புறத்தில் வரைந்தான். குடை, செவுள், வளையம், கால், கடைசியில் கிண்ணம். கை கொஞ்சமும் நடுங்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் வரைவதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், இவ்வளவு நன்றாக வரைந்து பார்த்ததில்லை.

ஜூலை 12

பெரிய ஆஸ்பத்திரி. கண் மஞ்சள். இங்கே டாக்டரம்மா நான் சொல்வதை முழுதாகக் கேட்டுவிட்டு, "நேத்து வீட்டுக்குப் போயிருந்தா இன்னைக்கு இதுகூட இல்ல" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார் போலும்.

ஜூலை 13

கல்லீரல் மாற்ற வேண்டுமாம். என் ரத்தம் சேராது. உடன்பிறந்தவளுடையது சேராதாம், வந்தவளுடையது சேருமாம். தம்பி மனைவி யோசிக்கவே இல்லை. "எடுத்துக்கோங்க, எவ்வளவு வேணுமோ எடுத்துக்கோங்க" என்றாள். அவளுக்கு இன்னும் ஏதேதோ பரிசோதனை பாக்கி.

தம்பிக்கு நினைவு தப்பித் தப்பி வருகிறது. என்னைப் பார்த்து, "மெக்கானிக் வந்தானா?" என்று கேட்டான்.

வந்தான்டா என்றேன்.

ஜூலை 15

போயிட்டான். காலையில. அவளை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோக ஸ்ட்ரெச்சர் வந்து நின்னப்போ.

ஜூலை 29

வேலைக்குத் திரும்பினேன். ஃப்ரிட்ஜ் ஓடுகிறது. மெக்கானிக் பன்னிரண்டாம் தேதி வந்தானாம், ஒரு சின்னக் கம்பிதான் போயிருந்ததாம்.

அட்டவணையில் மாப்பிள்ளையின் பக்கத்தை எடுத்தேன். நோய் தணிந்ததுபோல் 'தோன்றும்' என்று இருந்தது. அடித்துவிட்டு எழுதினேன்: 'மறுநாள் நோயாளி நன்றாக இருப்பார். அன்று அவரை வீட்டுக்கு அழைத்துச் செல்லாதீர்கள்.' முத்திரை படித்துவிட்டு, "அட்டவணையில கட்டளை போடுற வழக்கம் இல்லையேம்மா. 'அழைத்துச் செல்லாதிருத்தல் நலம்'னு போடலாமா?" என்றார்.

"நலமா, சார்?" என்றேன்.

அவர் மை டப்பாவைத் திறந்தார். பிறகு முத்திரையைக் குத்தினார்.

படம் பற்றியும் பேச்சு வந்தது. மற்றதெல்லாம் வண்ணம், இது மட்டும் பென்சில், அதுவும் காகித உறையில், வேறு ஓவியரை வைத்து வண்ணத்தில் வரையலாமே என்றார். வெள்ளைக் காளானுக்கு என்ன வண்ணம் வேண்டியிருக்கிறது என்றேன். விட்டுவிட்டார். நல்ல மனிதர்தான். இதுவரை தெரியாமல் போயிற்று.

ஆகஸ்ட் 17

தம்பி வீட்டுக்குப் போனேன். பால் பாக்கெட் மேடையில் திரிந்து கிடந்தது. வாலு வெறும் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தாள். "அம்மா ஃப்ரிட்ஜைத் தொறக்கவே மாட்டேங்குறா அத்தை. என்னையும் தொறக்க விட மாட்டேங்குறா" என்று ரகசியமாகச் சொன்னாள்.

தம்பி மனைவி பாதியாகிவிட்டாள். கழுத்தெலும்பு தெரிகிறது. என் எதிரே உட்கார்ந்து, சேலை முந்தானையை முறுக்கிக்கொண்டே கேட்டாள்:

"அக்கா, நான் மூடியெல்லாம் கழுவி வச்சேன்ல... திரும்ப வைக்கிறப்போ எது எதோடதுன்னு பார்த்தேனா? யோசிச்சு யோசிச்சுப் பார்க்கிறேன். ஞாபகமே வர மாட்டேங்குது. நானா மாத்தினேன்? சொல்லுங்க. உங்களுக்குத் தெரியும். நானா?"

அவள் மேல் எனக்குக் கோபம் இல்லையென்றால் அது பொய். இருக்கிறது. ராத்திரி படுத்தால் அந்த ஈர மூடிகள்தான் கண்ணுக்குள் வருகின்றன. ஆனால் வாலு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இந்தப் பெண் இதோடு எப்படி இந்தப் பிள்ளைக்கு இருபது வருஷம் சோறு போடுவாள்?

"நீ இல்ல. நான்தான்" என்றேன். "அன்னைக்கு சாயங்காலம் நீ கடைக்குப் போயிருந்தப்போ வந்தேன். ரெண்டு டப்பாவையும் திறந்து பார்த்துட்டு அவசரத்துல மூடியை மாத்திப் போட்டுட்டேன். நீ சரியாத்தான் வச்சிருந்த. நான் பார்த்தேன்."

"நீங்க வந்தீங்களா?"

"வந்தேன். என்கிட்டதான் சாவி இருக்கே."

அவள் முறுக்கிய முந்தானையை விட்டாள். முகத்தில் என்னவோ ஒன்று அவிழ்ந்தது. அப்படியே வேறொன்று இறுகியது. இரண்டையும் பார்த்தேன்.

"இவ்வளவு நாள் சொல்லாம இருந்தீங்களே" என்றாள். பிறகு, "வாலு, உள்ள போ." பிறகு, "சாவியை வச்சுட்டுப் போங்க."

வைத்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 18

முழுப் பொய்யா? சீட்டை மூடியில் ஒட்டியது நான். காலை வெட்டியது நான். அவள் செய்தது துடைத்தது மட்டும்தானே. இப்படிச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். அழுகை நிற்கமாட்டேங்குது.

ஆகஸ்ட் 30

அச்சுக்குப் போனது. ஆளாளுக்குக் கை கொடுத்தார்கள்.

செப்டம்பர் 21

வாலுவின் பிறந்தநாள். வண்ணப் பென்சில் வாங்கி அனுப்பினேன். பிரிக்காமல் திரும்பி வந்தது.

நவம்பர் 4

அட்டவணை வந்துவிட்டது. கனம். மையின் வாசனை இன்னும் போகவில்லை. எல்லாப் பக்கத்திலும் வண்ணம், நடுவில் ஒரே ஒரு பக்கத்தில் பென்சில். எல்லாரும் அந்தப் பக்கத்தில்தான் நிற்கிறார்கள். அவன் சொன்னபடியே, எழுத்தை யாரும் படிக்கவில்லை.

ஒரு பிரதியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். மணி அடித்ததும் கதவு திறந்தது, சங்கிலி போட்டபடி. தம்பி மனைவி முகம் தெளிந்திருந்தாள். கன்னத்தில் சதை வந்திருக்கிறது. இடுக்கு வழியாகக் கையை நீட்டினாள். புத்தகம் அதில் நுழையவில்லை. சங்கிலியை எடுத்து, வாங்கிக்கொண்டு, மறுபடி போட்டாள்.

உள்ளேயிருந்து வாலுவின் குரல்: "யாரும்மா?"

"புஸ்தகம் கொண்டுவந்தவங்க."

கதவு மூடியது. இரண்டு படி இறங்கியிருப்பேன். உள்ளே ஃப்ரிட்ஜ் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிள்ளைக்குப் பால் எடுக்கிறாள் போலிருக்கிறது.