உன் புத்தகத்தில் திட்டுகிற அம்மா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் என் முழங்காலும் ஒருவரையொருவர் அனுசரித்துக்கொண்டு இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அதைவிடச் சுகமாக இருக்க வேண்டும். இருமல் நின்றதா என்று எழுது. உன் புது நாவலின் கட்டு தபாலில் வந்து சேர்ந்தது. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களைப் பற்றிய கடைசி அத்தியாயம் இருக்கட்டுமா, வேண்டாமா, அப்பா ஒரு வார்த்தை சொன்னால் மறுபேச்சில்லாமல் எடுத்துவிடுகிறேன் என்று மேலே ஒரு சீட்டு வைத்திருந்தாயே, அதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. போனில் கேட்டிருந்தால் எதையாவது சொல்லி மழுப்பியிருப்பேன். அது தெரிந்துதான் தபாலில் கேட்டிருக்கிறாய், அவள் பெண்தானே நீ.

போன வருஷம் முழுக்க நீ போனில் என்னைப் படுத்திய பாடு எதற்கென்று இப்போதுதான் புரிகிறது. தபாலாபீஸ் கவுன்ட்டரில் அம்மா கண்ணாடியை மூக்கில் வைத்திருப்பாளா, நெற்றியில் ஏற்றியிருப்பாளா, கோபம் வந்தால் முத்திரையை ஓங்கிக் குத்துவாளா, ஆஸ்பத்திரியில் தலையணைக்குப் பக்கத்தில் என்ன வைத்திருந்தாள், அப்பப்பா, போலீஸ்காரி கெட்டாள் போ. எதற்கடி இதெல்லாம் என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். நீ கோபித்துக்கொள்ளவில்லை. "எழுத உக்காந்தா அம்மா வர மாட்டேங்கிறாப்பா, வேற யாரோ வந்து உக்காந்துக்கிறாங்க, அதான் கேட்டுக்கிட்டே இருக்கேன்" என்றாய். எனக்கும் அப்போது அப்படித்தான் இருந்தது. அவள் போனதிலிருந்து வருகிறவர்கள் எல்லாம் தங்கமானவங்க, அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டாங்க என்றே சொல்லிவிட்டுப் போனார்கள். யார், உன் அம்மாவா? முகவரி சரியாக எழுதாதவனைக் கவுன்ட்டரில் நிற்கவைத்து உரித்து எடுத்தவள். ஆனாலும் பத்துப் பேர் சொன்னால் நமக்கே சந்தேகம் வந்துவிடுகிறது, கொஞ்சம் கொஞ்சமாக அவள் குரலே எனக்கு மறந்துபோய், யாரோ நர்ஸ் பேசுகிற மாதிரி மெதுவாகக் கேட்க ஆரம்பித்துவிட்டது. அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

கிளினிக்கின் பின்னறையில், பல் செட்டுக்கு மெழுகு இளகுகிற நேரத்தில் உன் கட்டைப் பிரித்தேன். அத்தியாயத்தின் முதல் பக்கத்திலேயே "இதையும் நான்தான் சொல்லணுமா" என்று வந்து நிற்கிறாள். அதே குரல் பாப்பா, அந்த இழுவை, அந்தச் சலிப்பு, அப்படியே. மெழுகு கெட்டுப்போனதுகூடத் தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தேன். டாக்டர் எட்டிப் பார்த்து, என்னண்ணே தனியா சிரிக்கிறீங்க என்றார். வீட்டுக்காரி திட்டுறா டாக்டர் என்றேன். அவர் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

இதற்கு நடுவில் ஒருநாள் உன் சித்தி வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் டீ போட்டுக்கொண்டு வருவதற்குள் மேஜைமேல் கிடந்ததை எடுத்துப் படித்திருக்கிறாள், முகம் உர்ரென்று இருந்தது. செத்தவளப் பத்தி இப்படியா எழுதுவா மாமா, நாலு பேர் படிச்சா எங்கக்காவப் பத்தி என்ன நினைப்பாங்க, இத முதல்ல எடுக்கச் சொல்லுங்க என்று ஒரே பிடி. நான் வாதாடவில்லை. சித்தி வருகிறாள் என்று தெரிந்ததும் அம்மா கட்டிலில் தூங்குகிற மாதிரி பாசாங்கு பண்ணுகிற இடத்தை எடுத்துச் சத்தமாகப் படித்தேன். சித்தி பாட்டுக்கு உட்கார்ந்து பழைய கதையைப் பேசிக்கொண்டே போக, அம்மா கண்ணைத் திறக்காமல் "அந்த வருஷம் இல்லடி, அதுக்கு அடுத்த வருஷம்" என்று திருத்துகிறாளே, அந்த இடம் வந்ததும் உன் சித்திக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. சிரித்தவள் சிரித்தபடியே அழ ஆரம்பித்தாள், டீ ஆறிப்போயிற்று. அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு, நான் கொண்டுபோன சூப்பக் குடிச்சிட்டு, உப்பு போட மறந்துட்டியா இல்ல சிக்கனமான்னு கேட்டாளே, அத ஏன் இவ விட்டுட்டா, அதையும் சேக்கச் சொல்லுங்க என்றாள். ஆக அந்தப் பக்கத்திலிருந்தும் உத்தரவு கிடைத்தாயிற்று.

என் வேலை உனக்குத் தெரியும். பல் போனவர்கள் எல்லோரும் விளம்பரத்தில் வருகிற மாதிரி வரிசையாக வேண்டும் என்பார்கள். நான் பழைய போட்டோவைக் கேட்டு வாங்கி, முன்பல் ஒன்று லேசாகத் திரும்பியிருந்தால் அதையும் அப்படியே திருப்பித்தான் வைப்பேன். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போனதும் பெண்டாட்டி யாரோ மாதிரி இருக்கீங்க என்று திருப்பி அனுப்பிவிடுவாள். அதனால் அத்தியாயம் இருக்கட்டும், ஒரு திட்டுகூடக் குறையக் கூடாது. பெற்ற மகளுக்கு நன்றி சொல்வது நம் வீட்டில் வழக்கமில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நீ அவளை எனக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டாய் பாப்பா.

ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துவிடு. கடைசிப் பக்கத்தில் அம்மா என் கையைப் பிடித்து, உங்கள ரொம்பப் படுத்திட்டேன், மன்னிச்சிருங்க என்று சொல்வதாக எழுதியிருக்கிறாய். அன்றைக்கு நீ இங்கே இல்லை, டிக்கெட் கிடைக்காமல் அங்கே தவித்துக்கொண்டிருந்தாய், எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் அந்த வரியைப் போட்டிருப்பாய். அவள் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கிற ஆளும் இல்லை, நான் அதற்குக் காத்திருந்ததும் இல்லை. மத்தியானம் ஜன்னல் வெயில் அவள் முகத்தில் அடித்தது, நான் பக்கத்தில் மரம் மாதிரி நின்றுகொண்டிருந்தேன். "திரைய இழுத்து விடுங்க, இதையும் நான்தான் சொல்லணுமா" என்றாள். இழுத்து விட்டேன். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டவர்களிடம் எல்லாம் நிம்மதியாகப் போனாள் என்றே சொல்லி வந்தேன், திட்டிவிட்டுப் போனாள் என்று எப்படிச் சொல்வது. உன் புத்தகத்தைப் படித்த பிறகு சொல்லலாம் போலிருக்கிறது. அதையே போட்டுக்கொள்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள், எழுதுகிற உன் கைக்கு ஒரு குறையும் வராது. எழுதுகிற மும்முரத்தில் பட்டினி கிடக்காதே, வேளைக்குச் சாப்பிடு. இதையும் இனிமேல் நான்தான் சொல்லணும்.

ஆசிகளுடன்,
அப்பா