நெல் குவியலில் மூன்று முத்திரை

ஸ்ரீ

திருவள்ளூர்
10-2-1971

அன்புள்ள அகத்துக்காரருக்கு அரவிந்தவல்லி நமஸ்காரம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். பூனாவில் குளிர் விட்டதா? நான் அனுப்பிய நாரத்தங்காயைச் சிநேகிதர்களுக்கே கொடுத்துத் தீர்த்துவிடாதீர்கள்.

உங்கள் ஆராய்ச்சி ஆரணியில் இருக்கிற நம் நெற்களம் வரைக்கும் வந்து அமர்க்களம் பண்ணிவிட்டது. பழங்காலத்துக் களிமண் முத்திரைகளைப் பற்றி எழுதும்போது, முத்திரை எவர் கையில் இருந்ததோ அவரே பண்டத்துக்குச் சொந்தக்காரர் என்றீர்களே, அதைப் படித்ததும் உங்கள் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "தேசிகனே எழுதிட்டான், நம்ம நெல்லுக்கு நாமதான் குத்தணும்" என்று தச்சனிடம் திருநாமம் செதுக்கிய கட்டை ஒன்று வாங்கிக்கொண்டு போனார். பங்கு பிரிக்காத குவியலின்மேல் ஈரமண் அப்பிக் குத்தியும் விட்டார். குத்தகைக்காரர் செங்கல்வராயன் சும்மா இருப்பாரா? மறுநாள் பார்த்தால் பக்கத்திலேயே அவருடைய வேல் முத்திரை!

இவருடையதை அவர் கலைக்கமாட்டார், அவருடையதை இவர் கலைக்கமாட்டார். மூன்று நாள் நெல் களத்திலேயே கிடந்தது. வானம் வேறு மூடிக்கொண்டது. எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம்.

கடைசியில், வருஷா வருஷம் முத்திரை குத்துகிற தலையாரி வீட்டுச் செல்லியம்மாளையே கூப்பிட்டார்கள். வந்ததும் இரண்டையும் வழித்து எறிந்தாள். "இன்னா சாமி, நீயே குத்திக்கினா அவரு எப்டி நம்புவாரு? அவரு குத்திக்கினா நீ நம்புவியா? எனுக்கு இதுல ஒரு மணி கெடையாது. அதான் கட்டை எங்கையில கீது" என்று சொல்லித் தன் முத்திரையைப் போட்டாள். அன்று மத்தியானமே பங்கு பிரித்து வண்டி கட்டியாயிற்று.

எனக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. உங்கள் மூன்றாம் அத்தியாயமே சாய்கிறதே! முத்திரை சொந்தக்காரருடையதாக ஏன் இருக்கவேண்டும்? ஒருவரையொருவர் நம்பாத இரண்டு பேர் சேர்ந்து நம்பிய மூன்றாவது ஆளுடையதாக இருக்கக்கூடாதா? பரீட்சகர் இதைக் கேட்டால் திருப்பி எழுதச் சொல்வார். இன்னும் ஒரு வருஷம் ஓடிவிடும். பட்டம் வந்த பிறகுதான் தனி ஜாகை, அதற்கப்புறம்தான் என்னை அழைத்துக்கொள்வது என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். இரண்டு பொங்கல் ஆயிற்று. எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

ஆகையால் இன்றைக்கே திருத்த உட்காருங்கள். செல்லியம்மாளிடம் என்ன கேட்கவேண்டுமோ எழுதுங்கள், நான் கேட்டு அனுப்புகிறேன்.

வீரராகவப் பெருமாள் கிருபையால் எல்லாம் கூடிவரும். தனி ஜாகை கிடைக்காவிட்டாலும் பாதகமில்லை. உங்கள் அறையில் நீங்கள் எழுதுகிற அந்த மேசையைக் கொஞ்சம் சுவரோரம் நகர்த்தினால் எனக்கு இடம் வந்துவிடும்.

இப்படிக்கு,
உங்கள்
அரவிந்தவல்லி