மேஜரின் வெற்று அட்டைகள்

மேஜர்,

நேற்று உங்கள் மகள் ஒஸ்லோ ரொம்மனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு மரப்பெட்டியை மேசையில் வைத்தாள். மூடியைத் திறந்ததும் உங்கள் புகையிலை மணம் எழும்பியது. செத்த பிறகும் என் வீட்டுக்குள் வந்துவிட்டீர்களே. நான் சொல்லச் சொல்ல மனைவி இதை எழுதுகிறாள். எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும்.

நோர்வே பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று நீங்கள் தமிழ் அகராதி செய்யத் தொடங்கினீர்கள். நான் மன்னாரில் கடல் தொழில் செய்தவன். ஆறு வருடம், வியாழன் தவறாமல், ரயில் மாறி ட்வெய்ட்டாவில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. நான் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் காட்டி அதன் பெயரைச் சொல்வேன், நீங்கள் எழுதுவீர்கள். உங்கள் அலுமாரியில் ஒரு தடித்த இந்துஸ்தானி அகராதி இருந்தது. வெள்ளைக்காரன் இந்தியாவை ஆண்ட காலத்தில் ஒரு பட்டாளத்து அதிகாரி தொகுத்தது. முதல் பக்கத்தில் அவன் பெயரையும் பதவியையும் விரலால் தடவிக் காட்டுவீர்கள்.

"அவருக்குச் சொல்லுகளை ஆர் குடுத்தது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சிப்பாய்கள், சமையல்காரர், குதிரைக்காரர்," என்றீர்கள், என்னிடம் பழகிய தமிழிலேயே.

"அவையின்ர பேர் எங்கை?"

சிரித்தீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

உங்கள் புத்தகம் வந்தது. முன்னுரையை மனைவி வாசித்தாள். தட்டச்சுச் செய்தவருக்கு நன்றி, உங்கள் நாய்க்கும் நன்றி. நான் 'எழுத்தறிவில்லாத ஒரு மீனவர்'. என் பெயர் எங்கே என்று கேட்க நான் வந்தபோது, "உமக்குத்தான் வாசிக்கத் தெரியாதே, பேர் என்னத்துக்கு?" என்றீர்கள்.

வள்ளத்தில் ஏறினால் நாங்கள் பாம்பு, பிணம் போன்றவற்றைக் கரையில் சொல்லும் பெயரால் சொல்லமாட்டோம். கடலுக்கென்று வேறு பெயர்கள் உண்டு. அப்படிப் பெயர்கள் இருப்பதை மட்டும் வாய்தவறி முன்பே உங்களிடம் சொல்லியிருந்தேன். இரண்டாம் பதிப்புக்கு அவை வேண்டுமென்று, கோலூன்றி, மூச்சு வாங்க எங்கள் நாலாம் மாடிக்கு ஏறி வந்தீர்கள்.

"மறந்து போச்சு, மேஜர்."

"பொய். உமக்கு ஒண்டும் மறக்காது."

"ஓம், மறக்காது. உங்களுக்குச் சொல்ல மாட்டன், அவ்வளவுதான்."

ஆஸ்பத்திரியிலிருந்தும் போன் எடுத்தீர்கள். மணி அடிக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோசமாகத்தான் இருந்தது. ஒளிக்கவில்லை.

நேற்று உங்கள் மகள் பெட்டியிலிருந்து வெற்று அட்டைகளை எடுத்துப் பரப்பினாள். அந்தக் கடல் பெயர்களைச் சொன்னால் இரண்டாம் பதிப்பில் என் பெயரை உங்கள் பெயருக்குக் கீழே போடுவதாக நோர்வீஜியனில் சொன்னாள். "மேலே போடுவாயா?" என்றேன். புத்தகம் அப்பாவுடையது என்று தலை குனிந்தாள்.

"பாவமப்பா, குளிருக்குள்ளை வந்திருக்கு. ரெண்டு சொல்லையாவது சொல்லி விடுங்கோவன்," என்றாள் மனைவி.

"கோப்பி குடு. சொல்லுக் குடுக்கேலாது."

உங்கள் மகள் பெட்டியோடு போய்விட்டாள். பக்கத்து ஸ்டோவ்னரில் இருந்த பழைய கடல்காரர் எல்லாரும் செத்துப்போனார்கள். ஒஸ்லோவில் அந்தப் பெயர்கள் தெரிந்தவன் இனி நான் ஒருவன்தான். பல்கனியில் நின்று, என் தகப்பன் சொல்லித்தந்த ஒழுங்கில், ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொன்னேன். ஒன்றும் விடுபடவில்லை.

"உங்களோடையே போயிடுமே," என்று மனைவி பேனையை எடுத்தாள். வாங்கி மேசையில் வைத்தேன்.

என்னோடு போகட்டும், மேஜர். உங்கள் அட்டைகளில் ஏறவில்லை, எனக்கு அது போதும்.