முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய செய்தி

என் செல்ல அம்மாவுக்கு,

போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். உன்னிடம் சொன்னால் அது கணக்கில் வராது, இல்லையா?

நஞ்சன்கூட்டில் அப்பா மேனேஜராக இருக்கிற ஃபாக்டரியில் ஒரு யூனிட்டை மூடப்போகிறார்கள். திங்கட்கிழமை எல்லாரையும் கூட்டி வைத்து அப்பாதான் அறிவிக்க வேண்டும். அதற்குள் வெளியே கசிந்தால் அப்பாவின் வேலையும் போய்விடும். ஸ்கூலில் என் பக்கத்தில் உட்காருகிற திவ்யாவின் அப்பா சிவண்ணா அந்த யூனிட்டில்தான் மிஷின் ஓட்டுகிறார். நேற்று அவள் முகத்தைப் பார்க்காமலே டிபன் சாப்பிட்டேன்.

உன் சனிக்கிழமை வகுப்புதான் ஞாபகம் வருகிறது. வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்று மேனேஜ்மென்ட் காலேஜுக்குக் கூட்டிப்போய்க் கடைசி வரிசையில் உட்காரவைப்பாய். தலைமை என்றால் என்ன, ஒரு கம்பெனி எதற்காக இருக்கிறது என்று நீ பாடம் நடத்துவாய். நான் ஸ்கெட்ச் பேனாவால் யானை வரைவேன். ஆனால் அந்த ஒரு பயிற்சி வந்தால் பேனாவை மூடிவிடுவேன். ஒரு மாணவர் முதலாளி, இன்னொருவர் வேலை போகப்போகிறவர். கையில் பேப்பர் கூடாது. பெயர் சொல்லி, முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மண்டியாவிலிருந்து வரும், பெரிய மீசை வைத்த அந்த அண்ணா நெளிந்துகொண்டே, "மேடம், மெயில் அனுப்பிடலாமா?" என்று கேட்டாரே! வகுப்பே சிரித்தது. நீ மட்டும் சிரிக்காமல், "அனுப்பு. ஆனா அவர் பக்கத்துல உக்காந்து அதைப் படிச்சுக் காட்டு" என்றாய்.

அன்றைக்குத் தேவராஜ மார்க்கெட்டில் மிளகாய்ப்பொடி தூவிய கொய்யா வாங்கித் தந்தாய். அந்த அண்ணாவை ஏன் அப்படிப் படுத்தினாய் என்று கேட்டதற்கு ஒரு துண்டை என் வாயில் திணித்தாய். இப்போதாவது சொல்லேன்.

இன்று சாயங்காலம் அப்பா ஹாலில் நின்று பேச்சை ஒத்திகை பார்த்தார். நாம் எல்லாரும் ஒரே குடும்பம் என்று அது ஆரம்பித்தது. நீ உயிரோடு இருந்தால் உன்னிடம்தான் படித்துக் காட்டியிருப்பார். நான் எதிரே போய் உட்கார்ந்தேன்.

"என்னை சிவண்ணான்னு நெனச்சுக்கிட்டு சொல்லுங்கப்பா. பேப்பர் இல்லாம."

"அப்படியே உங்கம்மாதான்!" என்று கிண்டல் செய்தார். பிறகு பேப்பரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சிவண்ணா..."

அதற்கு மேல் வரவில்லை. குடும்பம் என்ற வார்த்தையும் வரவில்லை. அப்புறம், திங்கட்கிழமை வரை காத்திருக்கப்போவதில்லை, நாளைக்கே ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றார். முதலில் சிவண்ணா வீடு.

அதனால்தான் தூக்கம் வரவில்லை, அம்மா. அப்பாவின் வேலை போனால் அது என்னால்தானே? நான் பேசாமல் டிவி பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாம். நீ இருந்தால் தடுத்திருப்பாயா, இல்லை செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பியிருப்பாயா?

நானும் வருவேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். கதவைத் திறப்பது திவ்யாவாகத்தான் இருக்கும். அப்பா சொல்லி முடிக்கும்வரை நான் தரையைப் பார்க்க மாட்டேன். அவள் என்னைத் திட்டட்டும். என்னோடு பேசாமலே இருக்கட்டும். திங்கட்கிழமை அவள் பக்கத்தில்தான் போய் உட்காருவேன். சத்தியம்.

பெயர் பதியாமலே உன்னிடம் படித்த மகள்,
நித்யா