ஊதாத் துணியில் ஒரு மடிப்பு

இன்று சனிக்கிழமை. நாளை ஆகமன காலம், கர்த்தர் பிறந்த திருநாளுக்கு முந்திய நோன்புக் காலம், தொடங்குகிறது. மத்தியானம் கோயிலின் பின்னறையில் பெட்டியைத் திறந்தேன். காய்ந்த வேப்பிலையும் கற்பூரமும் கலந்த அந்தப் பழைய வாசனை வந்தது. மூடியில் ஒட்டியிருந்த சீட்டை இந்த வருஷம் நானே படித்தேன். ஆ, க, ம, ன, ம். படித்துவிட்டு யாராவது பார்த்தார்களா என்று திரும்பினேன். ஒருவரும் இல்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

இப்போதைய சாமியார் இந்த மழைக்காலத்தில் பொழுதிறங்கிய பிறகு எங்களைப் போன்ற கிழவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். நீ இருந்தால் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாய். நீயும் எழுத்துத் தெரியாமல்தான் போனாய். இத்தனை காலம் பீடத்தையும் மணியையும் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையாக இருந்து, துணிகளை நிறம் பார்த்தே எடுத்தாய். நீ போனபின் அந்த வேலைக்கு வந்த நானும் அப்படித்தான் எடுத்தேன். பரவாயில்லை, நீ இருக்கும் இடத்தில் இதைப் படித்துச் சொல்ல ஆள் இருக்கும்.

பீடத்தின் முன்னால் உயரக் கட்டித் தொங்கவிடும் ஊதாப் பட்டுத் துணியை விரித்தேன். கீழ் ஓரத்தில் அந்த வட்டமான பழுப்புக் கறை அப்படியே இருக்கிறது.

என் கலியாண நாள் உனக்கு நினைவிருக்கும். அதுவும் ஆகமனத்துக்கு முந்திய சனிக்கிழமை. மூன்று ஞாயிறும் கோயிலில் கலியாண ஓலை வாசித்தாயிற்று. காலைப் பூசையில் தாலி கட்டுவதாக ஏற்பாடு. பெண் வீடு பெருந்துறைப் பக்கம், நொய்யலுக்கு அக்கரை. இரவெல்லாம் பெய்த மழையில் ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது. பூசை முடிந்தது. பெண் வீட்டார் வரவில்லை.

அப்போது இங்கே இருந்தவர் வெள்ளைக்காரச் சாமியார். அவர் சட்டம் எல்லோருக்கும் தெரியும். சனிக்கிழமை மாலை மணி அடித்து, பீடத்தில் ஊதா ஏறிவிட்டால் கர்த்தர் பிறந்த திருநாள் தாண்டும் வரை கலியாணம் கிடையாது. எனக்கோ அவ்வளவு நாள் இல்லை. பெண் வீட்டார் திங்கட்கிழமை நீலகிரித் தோட்டத்துக்குப் புறப்படுவதாகக் கங்காணியிடம் கைநீட்டி முன்பணம் வாங்கியிருந்தார்கள். அன்று தாலி ஏறாவிட்டால் அவளும் மலை ஏறிவிடுவாள். மலைக்குப் போன பெண்ணை அங்கேயே யாருக்காவது கட்டிக்கொடுத்துவிடுவது அந்தக் காலத்தில் புதிதல்ல.

நீ என் கூட்டாளிதான். ஆனால் உன்னை நான் நம்பவில்லை. செபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்களை எழுப்பிவிட்டுப் பீடத்தைத் துடைக்கிறவன் நீ. மத்தியானமே பீடத்திலிருந்த செவ்வந்திப் பூவையெல்லாம் எடுத்துக் கூடையில் போட்டாய். விளக்குத் தண்டுகளைப் புளிபோட்டுத் தேய்த்தாய். வாசலில் நின்றிருந்த என்னைப் பார்த்து, "ஏப்பா, நின்னா ஆறு வத்திருமா? உள்ள வந்து இந்த ஏணியப் புடி" என்றாய். பிடித்தேன். என் கலியாணத்தை நிறுத்தப்போகும் துணிக்கு நானே ஏணி பிடித்தேன்.

வானம் மூடியிருந்ததால் பொழுது தெரியவில்லை. சாமியார் உள்ளே பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தார். மேளக்காரன் வேப்பமரத்தடியில் மேளத்தோலை நெருப்பில் காய்ச்சிக் காய்ச்சி அலுத்துப்போனான். "மாப்ளே, பொண்ணு வருமா, இல்ல தோலு வேகட்டுமா?" என்று கேட்டான்.

ஆனால் நீ ஏணியில் ஏறவில்லை. பட்டை மேசைமேல் விரித்தாய். வெண்கலச் சொம்பில் அடுப்புக் கங்குகளைப் போட்டு, அதை வைத்து நீவ ஆரம்பித்தாய். இந்த ஓரம் நீவினாய். அந்த ஓரம் நீவினாய். மறுபடியும் இந்த ஓரத்துக்கு வந்தாய்.

சாமியார் கையில் கடிகாரத்தோடு வெளியே வந்தார். "மணி அடிக்கும் நேரம் ஆகிவிட்டதே?"

"ஆயிருச்சுங்க சாமி. பட்டுல ஒரு மடிப்புங்க. போகமாட்டேங்குதுங்க."

சாமியார் பட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கடிகாரத்தை அங்கிக்குள் போட்டார். "நன்றாக நீவு. ஆண்டவரை வரவேற்கும் துணியில் மடிப்பு இருக்கலாகாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்.

நீ தலை நிமிரவே இல்லை. கருகிய வாசனை வந்தபோதுதான் சொம்பைத் தூக்கினாய்.

அந்த நேரத்தில் பெண்ணின் அண்ணன் ஓடிவந்தான். இடுப்பு வரை சேறு. "மாப்ளே, வந்துபோட்டோமுங்க. பரிசல்காரன் வரமாட்டேன்னு படுத்துட்டானுங்க. இவ போயி அவன் பரிசல்ல ஏறிக் குந்திக்கிட்டாளுங்க. எறக்கிவிட முடியாம பரிசல ஆத்துல தள்ளிட்டானுங்க."

அவள் நனைந்த சேலையோடு வந்து நின்றாள். நீ கூடையிலிருந்து செவ்வந்தியை அள்ளிப் பீடத்தில் மறுபடி வைத்தாய். தாலி ஏறியது. ஆசீர்வாதம் முடிந்த கையோடு பூவை எடுத்தாய், ஏணியில் ஏறினாய், பட்டைக் கட்டினாய், மணியை அடித்தாய். மேளக்காரன் குச்சியை எடுத்தபோது வாசலுக்கு வந்து, "காலம் தொடங்கியாச்சுப்பா. திருநாளுக்கு வந்து அடிச்சுக்க" என்றாய். மேளம் இல்லாமல், பேசிக்கொண்டே நடந்துதான் பெண்ணை அழைத்துவந்தேன்.

பிறகு எத்தனையோ தடவை உன்னைக் கேட்டேன். "எனக்காகத்தானே நீவினே?" ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்: "மடிப்பு இருந்துதப்பா." கடைசியாகப் படுத்திருந்தபோதும் கேட்டேன். உன்னால் பேச முடியவில்லை. ஒரு விரலை மடக்கிக் காட்டினாய்.

இதை எழுத எனக்கு வெகு நேரம் ஆகிறது. பக்கத்தில் அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள். "ஏனுங்க, உசுரோட இருக்கறப்ப அவருகிட்டப் பேசுன பேச்சு பத்தாதுங்களா?" என்கிறாள். அவள் பெயரை எழுதிக் காட்டினேன். தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சேத்துல கோழி நடந்தாப்புல இருக்குதுங்க" என்றாள். ஆனால் அந்தத் துண்டுச் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

இன்று மாலை எல்லாவற்றையும் நீ செய்தபடியே செய்தேன். பூவை எடுத்தேன். தண்டுகளைத் தேய்த்தேன். கறை படிந்த ஓரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பச் சொன்னார் இப்போதைய சாமியார். திருப்பாமலே வைத்தேன். மணி அடிக்க நேரம் ஆகிவிட்டதே என்று அவர் கேட்டார். "ஒரு மடிப்புங்க சாமி" என்றேன்.

பிறகு வாசலுக்கு வந்து, ஆற்றுப் பக்கம் போகும் பாதையை அது வளையும் இடம் வரை பார்த்தேன். யாரும் வரவில்லை. உள்ளே போய் மணிக் கயிற்றைப் பிடித்தேன்.