இரவில் சோறு கிடையாது

புன்தா சாலினா,
பெப்ரவரி, திங்கட்கிழமை. கடைக்கு விடுமுறை.

அன்புள்ள பத்தீஸ்தேவுக்கு,

கொன்சுவேலோ எழுதுவது. நான் நலம். நீயும் மிரேயாவும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்த லீட்ஸ் குளிரில் காய்ச்சல் வராமல் இருக்கக் கார்மேல் மாதாவிடம் வேண்டிக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன்.

கல்யாணமான நாளிலிருந்து உனக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. ஒரே சமையலறையில் முட்டி மோதிக்கொண்டு வாழ்ந்தவர்களுக்குக் கடிதம் எதற்கு? ஆனால் போனில் நான் கடைப் பேச்சை எடுத்தாலே 'குழந்தை அழுவுது, அப்புறம் பேசறேன்' என்று வைத்துவிடுகிறாய். போன வாரம் நீ அப்படிச் சொன்னபோது குழந்தை பின்னால் கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டிருந்தது எனக்கு நன்றாகவே கேட்டது. கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது. உட்கார்ந்து முழுசாகப் படி.

முதலில் வீட்டுச் செய்தி. என் முழங்கால் பரவாயில்லை. சமையலறைக் கூரை ஒழுகிய இடத்தை நானே ஏறி அடைத்துவிட்டேன். கத்தாதே, பக்கத்து வீட்டுக்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். பாதாம் மரங்கள் பூத்துவிட்டன. குழந்தைக்குப் பல் முளைக்கிறது என்று மிரேயா சொன்னாள். அந்த ரப்பர் பொம்மையை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, காய்ந்த ரொட்டித் துண்டு ஒன்றைக் கடிக்கக் கொடுக்கச் சொல்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் தம்பி சீமோவிடம், 'என் பங்குக்கு எனக்குச் சம்மதம், கொன்சுவேலோவையும் ஒரு வார்த்த கேட்டுக்கோ' என்று போனில் சொன்னாயாமே? நம் சாப்பாட்டுக் கடையில் பாதி உன் பேரில், பாதி என் பேரில். இரண்டு பேரும் தலையாட்டினால் அது அவன் கைக்குப் போகும். கடற்கரைச் சாலையில், வாசலில் பிளாஸ்டிக் காளையை நிறுத்தி அவன் நடத்துகிறானே ஒரு கடை, அது இங்கே ஒரு குட்டி போடும். சுவர் முழுக்கச் சாப்பாட்டுத் தட்டின் படம். ஜாடி ஜாடியாகப் பழம் போட்ட சங்ரியா ஒயின். மாலை ஆறு மணிக்கே பயேயாச் சோறு. எட்டு மணிக்குப் புள்ளிப் பாவாடை கட்டிய பெண் வந்து தரையை உதைத்து ஃபிளமெங்கோ ஆடுவாள். ஃபிளமெங்கோ தெற்கத்தி ஆட்டம், அது எங்கே, நம் ஊர் எங்கே? அவன் கடையில் ஆடும் இலியானா ருமேனியாக்காரி. அவளைக் குறை சொல்லவில்லை, நல்ல பெண். ஆட்டம் முடிந்த மறுநாள் கால்வலியோடு நம்மிடம்தான் சூப் குடிக்க வருகிறாள்.

சீமோவும் சண்டைக்கு வரவில்லை, அதையும் சொல்ல வேண்டும். மனைவி செய்த பாதாம் கேக்கைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வந்தான். 'அண்ணி, நான் ஒண்ணும் கெட்டவன் இல்ல. ஊருக்கு வர்ற டூரிஸ்ட்டுங்க எல்லாரும் அசல் ஸ்பானிஷ் ஓட்டல் எங்க எங்கன்னு தேடிக்கிட்டுதான் அலையறாங்க. வணிகர் சங்கத்துல அதுக்குன்னே ஒரு பீங்கான் பலகை தர்றாங்க, வாசல்ல பதிச்சுக்கலாம். அது உங்களுக்குக் கெடைச்சா கூட்டம் தானா வரும், நான் வாயே தொறக்க மாட்டேன். கெடைக்கலன்னா ஈஸ்டருக்கு முன்னாடி எனக்குக் குடுத்துடுங்க' என்றான். நான், 'வரச் சொல்லுடா உன் சங்கத்த' என்றேன். எனக்குத் துளிக்கூடச் சந்தேகம் இல்லை. நம் கடைக்குத் தராமல் வேறு எந்தக் கடைக்குத் தருவார்கள் என்று நினைத்தேன். என்னை மாதிரி ஒரு முட்டாளை நீ பார்த்திருக்க மாட்டாய்.

வியாழக்கிழமை மதியம் சங்கத்திலிருந்து கார்போனெல் என்று ஒருவர் வந்தார். டை கட்டிய, ஒல்லியான மனிதர். மெனு கார்டு எங்கே என்று கேட்டார். 'நான்தான் மெனு கார்டு, கேளுங்க சொல்றேன்' என்றேன். இங்கிலீஷ்காரர்கள் வந்தால் என்ன செய்வீர்கள் என்றார். முயல் என்றால் தலைமேல் இரண்டு விரலை நிமிர்த்திக் காட்டுவேன் என்று செய்தே காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. சுவரை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, 'ஒரு காளை, ஒரு கிட்டார், ஒரு விசிறி, ஒண்ணையும் காணோமேம்மா' என்றார். 'எங்க மாமியார் போட்டோ இருக்கே, அது போதாதா?' என்றேன். மன்னித்துக்கொள், வாயில் வந்துவிட்டது.

பிறகு, ராத்திரியில் பயேயா உண்டா என்று கேட்டார். எனக்கு வந்ததே கோபம். 'ராத்திரியில யாராவது சோறு திம்பாங்களா? வயித்துல கல்லு மாதிரி உக்காந்துக்காதா? நீங்க இந்த ஊர்தானே, உங்கம்மா போடுவாங்களா?' என்றேன். அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு, 'கேட்டா அடிப்பாங்க' என்றார். அப்போதுதான் அவர்மேல் எனக்குக் கொஞ்சம் பாசம் வந்தது.

உட்கார வைத்து, கொண்டைக்கடலையும் கீரையும் உப்பிட்ட மீனும் போட்ட குழம்பை ஊற்றினேன். நீ போனதிலிருந்து இங்கே சோறு கிடையாது, பகலிலும்தான். அது உன் கைவேலை, நான் தொடவில்லை. மனிதர் ஒரு பிடி பிடித்தார். ரொட்டியால் தட்டைத் துடைத்துத் தின்றுவிட்டு, இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் காப்பி குடிக்கும் நேரத்தில்தான் நம் கும்பல் வந்தது. உனக்குத் தெரியும், கடற்கரைச் சாலைக் கடைகளின் சர்வர்கள், சமையல்காரர்கள், சீமோவின் ஆட்கள், எல்லோரும் அங்கே பரிமாறிக் களைத்துவிட்டு இங்கே வந்து சாப்பிடும் நேரம். கார்போனெல் கண்ணை விரித்துக்கொண்டு பார்த்தார். 'ஆமாங்க, எல்லாம் உங்க பலகை வாங்கின கடைங்களோட ஆளுங்கதான். அவங்களுக்குப் பசிச்சா இங்கதான் வருவாங்க' என்றேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் எழுந்து டையைச் சரிசெய்துகொண்டு என்ன சொன்னார் தெரியுமா? 'சாப்பாடு பிரமாதம்மா. ஆனா வெளியூர்க்காரங்க பார்த்தா இது ஸ்பானிஷ் ஓட்டல் மாதிரியே தெரியாது. நான் எழுதிக் குடுக்க முடியாது.' நம் கடை ஸ்பானியக் கடை மாதிரி இல்லையாம்! எனக்கு அழுகை வரவில்லை, பத்தீஸ்தே. பசி வந்தது. குழம்பில் மிச்சமிருந்ததை நின்றபடியே நான் தின்று தீர்த்தேன்.

நீ ஏன் போனாய் என்று எனக்குத் தெரியும். குழந்தையைப் பார்க்கப் போனதாக நீ மிரேயாவிடம் சொல்லலாம், என்னிடம் வேண்டாம். ஆகஸ்டில் அந்த இரவு, தன் கடையில் இடமில்லை என்று ஒரு பஸ் நிறைய ஆட்களைச் சீமோ நம்மிடம் அனுப்பினான். நான் முடியாது என்றேன். 'ஒரு நாள்தானே, விடு' என்றாய். மஞ்சள் பொடி, ஐஸ் பட்டாணி, சாசேஜ் துண்டு எல்லாவற்றையும் போட்டுக் கேஸ் அடுப்பில் பயேயா என்று ஒன்றைக் கிண்டினாய். அவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு அம்மாள் உன் கையைப் பிடித்துக்கொண்டு, இந்தப் பயணத்தில் இன்றைக்குத்தான் அசல் ஸ்பானியச் சாப்பாடு கிடைத்தது என்று கண் கலங்கினாள். முப்பது வருஷமாக நீ விறகு நெருப்பில் வெந்து சமைத்ததை, எலும்பு இருக்கிறது, நத்தை இருக்கிறது, அடி தீய்ந்திருக்கிறது என்று எத்தனை பேர் திருப்பி அனுப்பினார்கள்! அதற்கெல்லாம் சிரித்துக்கொண்டிருந்த நீ, அந்தக் கைதட்டலில் உடைந்து போனாய். உன் முகத்தை நான் பார்த்தேன். அதன் பிறகு நீ கரண்டியைத் தொடவே இல்லை.

அந்த பஸ்காரர்கள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. பசித்தது, கிடைத்ததைத் தின்றார்கள், சந்தோஷப்பட்டார்கள். அவர்கள் சொன்னதை நீ நம்பினாய் பார், அதுதான் எனக்கு வயிறெரிகிறது. உன் கைக்கு எது தெரியும் என்பதை அந்த அம்மாளா முடிவு செய்வது?

அதனால் ஞாயிற்றுக்கிழமை நானே சோறு சமைத்தேன். ஆமாம், நான்தான். சீமோ அன்றைக்கு முடிவு கேட்க வருவதாகச் சொல்லியிருந்தான். முடிவைச் சட்டியிலேயே போட்டுத் தருகிறேன் என்று வீம்பாக இருந்தது. முற்றத்தில் ஆரஞ்சு விறகை அடுக்கி, பெரிய வாணலியை ஏற்றி, முயலைப் பொன்னிறமாக வறுத்து, குளிர்காலம் என்பதால் ஆர்ட்டிசோக் காய் போட்டு, நத்தையும் ரோஸ்மேரித் தழையும் சேர்த்து, குங்குமப்பூவைத் தாராளமாகவே போட்டேன். புகை வாசனைக்கு ஊரே திரண்டுவிட்டது. மீன்காரி ஃபீனா, சர்வர்கள், இலியானா, பெண்டாட்டியோடு சீமோ, எல்லோரும் ஆளுக்கொரு கரண்டியோடு வந்து நின்றார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், சோறு உருப்படியாக வரவில்லை. ஃபீனா முதல் வாய் வைத்ததும், 'ஏண்டி கொன்சுவேலோ, இது என்னடி, ஒரு பக்கம் கரி, ஒரு பக்கம் கஞ்சி? பத்தீஸ்தே பார்த்தான்னா ஊர விட்டே ஓடிடுவான்' என்றாள். பின்னாலிருந்து யாரோ, 'அவன்தான் ஏற்கெனவே ஓடிட்டானே' என்றார்கள். நான்தான் முதலில் சிரித்தேன். பிறகு பார், ஒரே ரகளை. உப்பு போதாது என்றார் ஒருவர், நத்தையை முதலிலேயே போட்டிருக்க வேண்டும் என்றார் இன்னொருவர், ரோஸ்மேரி எதற்கு என்று மூன்றாமவர். ஆளுக்கு ஆள் அவரவர் அம்மாவைச் சாட்சிக்கு இழுத்தார்கள். திட்டிக்கொண்டே தின்றார்கள். அடியில் பிடித்த காந்தலுக்கு அடித்துக்கொண்டார்கள். யாரும் கைதட்டவில்லை. எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா?

சீமோ கீழே குனிந்து சுரண்டித் தின்றான். முடித்துவிட்டு, 'அப்ப அண்ணி, பலகதான் கெடைக்கலையே' என்று ஆரம்பித்தான். 'சீமோ, உன் கடைச் சோத்த நீ ஒரு நாள் உக்காந்து முழுசா தின்னுட்டு வா. அப்புறம் பேசுவோம்' என்றேன். அவன் ஆட்களே வாய் நிறையச் சோற்றோடு சிரித்துவிட்டார்கள். பாவம், முகம் சுண்டிப் போய்விட்டது. 'அண்ணன் சம்மதிச்சுட்டாரு' என்றான் மெல்ல. 'அவன் பாதிய எடுத்துக்கோ. நடுவுல கோடு போடு. அடுப்பு என் பக்கம்' என்றேன். பிறகு கொஞ்சம் தணிந்து, 'சம்மதம்னா உங்க அண்ணன் வந்து என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லட்டும். சொன்னா நானும் குடுத்துடறேன்' என்றேன். ஈஸ்டர் வரை பொறுப்பதாகச் சொல்லிவிட்டுப் போனான். போகும்போது மிச்சம் இருந்த சோற்றைப் பொட்டலம் கட்டித் தரச் சொல்லிக் கேட்டான், கட்டிக் கொடுத்தேன்.

பலகை பதிக்க வேண்டிய இடத்தில் நானே கறுப்பு பெயிண்டில் எழுதிவிட்டேன்: 'இரவில் சோறு கிடையாது. படம் கிடையாது. ஆட்டம் கிடையாது. பசித்தால் மதியம் வரவும்.' இங்கிலீஷில் இலியானா எழுதித் தந்தாள். பெயிண்ட் காய்வதற்குள் ஒரு வெளியூர் ஜோடி வந்து, அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போயிற்று. வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும்.

ஒன்றை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன், எழுதிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சோறு வெந்து வாணலியை இறக்கும் நேரத்தில், ஒரு காதை நான் துணியால் பிடித்துக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல், 'பத்தீஸ்தே, வா, புடி' என்று கத்திவிட்டேன். முற்றம் நிறைய ஆட்கள். ஃபீனாதான் வந்து மறு காதைப் பிடித்தாள்.

நான் கெஞ்சவில்லை. கெஞ்சுவதற்கு வேறு ஆளைப் பார். கடையைக் கொடுக்கத்தான் வேண்டும் என்றால் வந்து சொல். கொடுக்கக் கூடாது என்றாலும் வந்து சொல். என்மேல் கோபம் என்றால் அதையும் இங்கே வந்து சொல். மாதா உன்னைக் காப்பாற்றட்டும். உனக்கு நல்ல பசியைக் கொடுத்து, அந்தப் பசி தீராமலேயே விமானம் ஏற வைக்கட்டும்.

குழந்தைக்கு முத்தம்.

கொன்சுவேலோ