புரொக்டர் வீட்டுக்குக் கொண்டுபோன பாரை

14.9.1964, திங்கள்

வெடி போட்டு மீன் பிடித்தான் என்று மச்சானை இன்று காலை பொலிஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. நாளை நீதிமன்றத்தில் அவனுக்குப் பிணை கேட்க ஆள் வேண்டும். பின்னேரம் வழக்குப் பேசும் புரொக்டர் வீட்டுக்குப் போனேன். வெறுங்கையோடு போகக்கூடாது என்று மனைவி ஒரு பெரிய பாரை மீனைப் பையில் வைத்துத் தந்தாள். புரொக்டரின் மனைவி அதை வாங்கிக் குசினிக்குக் கொண்டுபோனார்.

"பிணையிலை விட்டால் வழக்கு முடிஞ்சுதா ஐயா?" என்று கேட்டேன்.

"இல்லை. வழக்குத் தவணை நாளுக்குக் கோட்டுக்கு வருவான் எண்டு நீர் கையெழுத்து வைக்கிறீர். அவன் வராட்டி நீர்தான் மறுமொழி சொல்லவேணும்."

தன் கலியாணத்துக்கே பிந்தி வந்தவன் அவன்.

"பொலிசிட்டை மீன் ஏதும் அம்பிட்டதோ?" என்றார்.

"எல்லாத்தையும் கொண்டுபோட்டினம் ஐயா. இந்தப் பாரையை மட்டும் மனுசி ஒளிச்சு வைச்சவள்."

அவர் பேனையை மூடினார். குசினியிலிருந்து மீன் பொரியும் வாசம் வந்தது.

"கையைக் கழுவிப்போட்டு வாரும்," என்றார். "ரெண்டு பேருமாச் சாப்பிட்டு முடிப்பம்."

முள்ளைப் பூனைக்குப் போடவும் விடவில்லை. தானே கொண்டுபோய் முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு வந்தார்.